வாழைக்குலைக்குப் பக்கத்தில் வைத்த பூ

மீள்குடியேற்றம் என்றால் மற்றவர்களுக்கு என்னவோ, எனக்கு அது பொலித்தீன். இந்தியாவில் அகதி முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து ஊர்க் காணியில் நின்ற அன்றைக்கு கூரையாகக் கட்ட ஒரு தறப்பாள் தந்தார்கள். பிறகு குடம், பிறகு வாளி, பிறகு நீலக் கயிறு. கடைசியாக ஊர் நடுவில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தாங்கி. அதில் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறியதை நான் கண்டதில்லை, ஆனால் தந்தவர்களின் முத்திரை மட்டும் உச்சி முதல் அடிவரை இருந்தது. ஒவ்வொன்றையும் கையில் தந்து படம் எடுத்தார்கள். வாளியோடு எடுத்த படத்தில் நான் சிரிக்கவில்லை என்று திரும்பவும் எடுத்தார்கள். வாளியைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு எனக்கு அப்போது விசர் முற்றவில்லை.

இவ்வளவு சாமானும் ஒரே காற்றிலிருந்து பிறந்தவை என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதவற்றை எழுதப் போனால் இந்தத் தீவில் கடதாசி காணாது. நான் மூன்றாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவன். அந்த வகுப்பைப் பொறுத்தவரை என்னைவிட ஆழமாகப் படித்தவர்கள் மன்னாரில் இல்லை.

எங்கள் ஊர் இலுப்பைக்கடவைக்குப் போகிற கரைப்பாதையில் இருக்கிறது. மீன்பிடி ஊர், வேதக்கார ஊர், எல்லாரும் கத்தோலிக்கர். கோயிலுக்குச் சுவர் மிஞ்சியிருந்தது, கூரை இல்லை. ஆனால் கூரை போனாலும் வழக்கம் போகாது. பெருநாளுக்கு வருகிற பூவும் பழமும், பெருநாளுக்கு முந்திய மாலை நடக்கிற வெஸ்பர் ஆராதனைக்கும் முதல்நாள் இரவு, புனிதரின் சொரூபத்துக்கு முன்னால் ஒரே கூரைக்குக் கீழ் ஒன்றாக இருக்கவேண்டும். விடிந்த பிறகு பூ, சொரூபத்தை வைத்துத் தூக்குகிற கூட்டுக்குப் போகும். பழம் பெருநாள் பூசையில் ஆசீர்வாதமாகி வீட்டுக்கொரு சீப்பாய்ப் போகும். முந்தி இதற்கென்று பீடத்துக்குப் பின்னால் ஒரு அறை இருந்தது. இரண்டு பக்கமும் பெரிய யன்னல். கடல் காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும். ஆடுகளும் அப்படித்தான்.

இப்போது அறைக்குப் பதிலாகத் தறப்பாளால் ஒரு கொட்டில் போட்டிருந்தோம். நாலு பக்கமும் தறப்பாள், மேலேயும் தறப்பாள். சொரூபமும் அதற்குள்தான். புனிதரும் எங்களைப் போலவே மீள்குடியேறியிருந்தார்.

அந்த முறை பெருநாளுக்கு உயிலங்குளம் பக்கத்திலிருந்து கதலியும் கப்பலுமாக வாழைக்குலைகள் பச்சையாக வந்து இறங்கின. கோயில் முற்றத்தில் கூட்டம் வைத்த மூப்பர், அதாவது கோயில் காரியம் பார்க்கிற பெரியவர், கேட்டார்:

"பழம் பழுக்கவைக்கத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

என் கை உயர்ந்தது. என் கைக்கு என் மூளையைக் கேட்கிற பழக்கம் இல்லை.

"நீயோ?"

"ஓம் மூப்பர். நான் இந்தியாவில பழ மண்டியில வேலை செய்தனான்."

அது பொய் இல்லை. லொறியிலிருந்து மண்டி வாசல்வரை குலை சுமந்தேன். வாசலுக்கு உள்ளே என்ன நடந்தது என்பது உள்ளே போனவர்களுக்குத் தெரியும். முதலாளி என்னை உள்ளே விட்டதில்லை. நான் சாப்பிட்டுவிடுவேன் என்று அவருக்குப் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

எங்கள் ஊரில் வழமை கிடங்கு வெட்டிக் குலையை அடுக்கி, தேங்காய்ப் பொச்சு எரித்துப் புகை அடிப்பது. சொரூபத்தின் வெள்ளைப் பட்டு கறுத்துவிடும் என்று மூப்பர் புகையை வேண்டாம் என்றார். கல்லுப் போடுவது, அதுதான் காபைட், நஞ்சு என்று பங்குக் குருவான சுவாமி வேண்டாம் என்றார். எனக்கு மிஞ்சியது மண்டி வாசலில் நின்று ஒட்டுக்கேட்ட ஒரேயொரு விஷயம்: காய்க்கு நடுவில் நல்லாய்ப் பழுத்த பழத்தை வைத்துக் காற்றுப் போகாமல் மூடினால் காயும் பழுக்கும். கனிந்து விழுந்த பப்பாப்பழங்களைக் கொண்டுபோய்க் குலைகளுக்கு நடுவில் வைத்தேன். கொட்டிலின் ஒவ்வொரு ஓட்டையையும் இன்னொரு தறப்பாள் துண்டால் அடைத்தேன். நான் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்து முடித்த முதல் வேலை அதுதான். அதனால் வந்த வினையைப் பார்த்தபிறகு வேறு வேலை எதையும் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

இனி என் அக்காவைச் சொல்லவேண்டும். அவளுடைய விஷயம்தான் இது. நானும் வாழைக்குலையும் சும்மா இடையில் வந்தவர்கள்.

நாங்கள் கடல் தாண்டி ஓடியபோது அக்கா கலியாணம் முடித்து ஊரிலேயே நின்றவள். பிறகு சண்டை வர வர அத்தானோடு இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வன்னியின் கடைசிக் கரைவரை போனாள். கடைசியில் சனத்தோடு சனமாக வெளியே வந்தபோது ஆண்களை வேறு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். அத்தான் நின்றார். ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அவ்வளவுதான். அக்கா ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. இருக்கிறார் என்றும் ஒருவர் சொல்லவில்லை, இல்லை என்றும் ஒருவர் சொல்லவில்லை. அவள் தாலியைக் கழற்றவில்லை. நிறச்சீலைதான் உடுத்தாள். அத்தான் திரும்பி வரும்வரை ஒவ்வொரு பெருநாளுக்கும் புனிதரின் கூட்டுக்குத் தன் கையால் பூக் கட்டுவேன் என்று நேர்த்தி வைத்திருந்தாள்.

இது மூப்பரின் பெண்சாதிக்குக் கண்ணில் குத்தியது. நாங்கள் அவவை மாமி என்று கூப்பிடுவோம். உறவால் அல்ல, பயத்தால். மாமிக்குச் செபமாலை ஒரு கையில், ஊர்க்கதை மற்றக் கையில். இரண்டையும் ஒரே வேகத்தில் உருட்டுவா. அதுவரை கட்டியது அலரியும் கடதாசிப்பூவும் என்பதால் பேசாமல் இருந்தா. அந்த வருடம் வெளிநாட்டிலிருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நுவரெலியாவிலிருந்து பூ எடுப்பித்து அனுப்பியிருந்தார். கார்னேசன் என்று பேர். விளிம்பெல்லாம் சுருக்குச் சுருக்காகச் சின்னப்பிள்ளையின் சட்டைக் கை மாதிரி இருக்கும். வெள்ளையும் ரோசாவுமாகப் பெட்டி பெட்டியாய் வந்தது. அனுப்பியவர் எங்களுக்குக் கூரை அனுப்பியிருக்கலாம். ஆனால் கூரை படத்தில் வடிவாய் விழாது.

பெட்டியைத் திறந்ததும் மாமி கேட்டா:

"இந்தப் பூவையும் அவளோ கட்டப்போறாள்?"

"நேர்த்தி அவளின்ரதானே மாமி," என்றேன்.

"நேர்த்தி வைக்கிறதுக்கும் ஒரு நிலை வேணும் தம்பி. புருசன் இருக்கிறானோ இல்லையோ எண்டு தெரியாதவள் மங்களச் சாமானில கை வைக்கலாமோ?"

அக்கா தலை நிமிரவில்லை. பூவைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்:

"மாமிக்குப் புருசன் இருக்கிறார் எண்டு தெரியும். அதால மாமிக்கு என்ன மங்களம் நடந்தது?"

மூப்பர் அந்தப் பக்கம் கேட்காதவர் மாதிரிக் கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், அவருக்கு அந்தக் கொடிமரம் நல்ல உதவி.

அன்று பின்னேரம் அக்கா பூவெல்லாவற்றையும் காம்பு நறுக்கி, வாளித் தண்ணீரில் நிறுத்திக் கொட்டிலுக்குள் வைத்தாள். குலைகள் அப்போது மஞ்சள் பிடிக்கத் தொடங்கியிருந்தன. உள்ளே போனால் நெஞ்சை அடைக்கிற இனிப்பு வாசம். இரண்டு பூவை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய் மாதா படத்துக்கு முன்னால் கிளாசில் வைத்தாள். அத்தானின் படத்துக்குப் பூ வைக்கமாட்டாள். படத்துக்குப் பூ வைத்தால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. நான் கொட்டில் வாசலை இழுத்துக் கட்டி, வெளியே பாயைப் போட்டுக் காவலுக்குப் படுத்தேன். நான் படுத்த இடத்தில் எதுவும் காவலாக இருந்ததில்லை, என் குறட்டையைத் தவிர.

விடிந்ததும் வாசலைத் திறந்தேன். குலைகள் தங்கமாய் இருந்தன. ஒரு பழத்தில் கறுப்புப் புள்ளி இல்லை. நான் சத்தம் போட்டு ஊரைக் கூப்பிட்டேன். மூப்பர் வந்து ஒரு பழத்தை உரித்துத் தின்றுவிட்டு என் முதுகில் தட்டினார்.

"எடேய், உனக்குள்ளயும் ஒரு சரக்கு இருந்திருக்கடா."

எனக்குப் பிறந்ததிலிருந்து அப்படி ஒருவர் சொன்னதில்லை. அந்தச் சந்தோசத்தில் நான் பின்னால் இருந்த வாளிகளைப் பார்க்கவில்லை. மாமிதான் பார்த்தா.

"ஐயோ என்ர ஆண்டவரே!"

பூ எல்லாம் கண்ணை மூடியிருந்தன. உதிரவில்லை, காயவில்லை, கறுக்கவில்லை. இதழெல்லாம் உள்ளுக்குள் சுருண்டு, நித்திரைக்குப் போன பிள்ளையின் கை மாதிரிப் பொத்திக்கொண்டிருந்தன. வாளியில் தண்ணீர் அப்படியே இருந்தது. ஒரே கொட்டில், ஒரே இரவு. பழத்துக்கு எனக்குப் பாராட்டு. பூவுக்கு அக்காவுக்குப் பழி.

அரை மணித்தியாலத்தில் ஊர் முழுக்கக் கதை போய்விட்டது. எங்கள் ஊருக்கு மின்சாரம் வர எவ்வளவோ காலம் எடுத்தது. கதைக்குக் கம்பி தேவையில்லை. முதலில் அவளுடைய கைராசி என்றார்கள். பிறகு மாமி அதற்கு உரை எழுதினா.

"இது கைராசி இல்லை. இது விடை. அவன் இருக்கிறானோ இல்லையோ எண்டு எல்லா இடமும் கேட்டுத் திரிஞ்சாள். புனிதர் இண்டைக்குச் சொல்லிப்போட்டார். பிள்ளை, தாலியைக் கழட்டி அவற்ற காலடியில வை. நாளைக்குப் பெருநாள் பூசையில சுவாமியிட்டச் சொல்லி உன்ர புருசன்ர பேரை மரிச்ச ஆத்துமாக்களோட வாசிப்பிப்பம். அதோட உனக்கும் ஒரு முடிவு, அவனுக்கும் ஒரு இளைப்பாறல்."

சுற்றி நின்ற பெண்கள் அழத் தொடங்கினார்கள். அதுதான் எனக்குக் கோபம் வந்த இடம். அத்தானைப் பஸ்ஸில் ஏற்றியவர்களைக் கேட்கத் துணியாத ஊர், ஒரு வாளிப் பூவைக் கேட்டு அவரைப் புதைத்துவிட்டது. பூவிடம் கேட்பதில் ஒரு வசதி. அது திரும்பி, நீ ஆர் என்று கேட்காது.

அக்கா அழவில்லை. வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்தக் கிளாஸ். இரண்டு கார்னேசனும் முதல்நாள் போலவே விரிந்து நின்றன.

"இதுவும் அதே பெட்டி. இதுவும் என்ர கை பட்டதுதான். இது ஏன் வாடேல்லை?"

மாமி செபமாலையில் ஒரு மணி உருட்டினா. ஒரு மணிதான்.

"அது வீட்டில வைச்சது. இது புனிதருக்கு முன்னால வைச்சது. வீட்டில விடை வருமோ?"

இதற்கு நான் ஒரு வாழைப்பழம் உரித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

அப்போதுதான் உயிலங்குளம் பக்கம் வேலை பார்க்கிற விவசாய உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வீட்டுத்தோட்டம் பற்றி எங்களுக்கு வகுப்பு எடுக்கிறவர். பெருநாளுக்கு மூப்பர் கூப்பிட்டிருந்தார். அவருடைய வகுப்பில் இருந்த நேரம் முழுக்க நான் நித்திரை. முழித்திருந்தவர்களும் என்னளவுக்குத்தான் விளங்கியிருந்தார்கள், களைப்பு மட்டும் அவர்களுக்குக் கூடுதல். சட்டைப் பையில் பேனைகளை வரிசையாகச் செருகியிருப்பார். அந்த மனிசனை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

அவர் கொட்டிலுக்குள் தலையை விட்டார். மூக்கை உறிஞ்சினார்.

"பழத்தையும் பூவையும் ஒண்டாவோ வைச்சனீங்கள்?"

"ஓம் சேர். அது எங்கட வழக்கம்," என்றார் மூப்பர்.

"காத்தோட்டம் இல்லாமலோ?"

"அது என்ர திறமை," என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பயிருக்கு வந்த பூச்சியை அப்படித்தான் பார்ப்பார்கள்.

பிறகு வகுப்பு தொடங்கியது. பழம் பழுக்கும்போது ஒரு காற்று விடும், அதற்கு எதிலீன் என்று பேர். அந்தக் காற்றுப் பட்டால் பக்கத்தில் உள்ள காயும் பழுக்கும். அதே காற்றுப் பூவுக்குப் பட்டால் அது தன் காலம் முடிந்துவிட்டதென்று நினைத்து மூடிக்கொள்ளும். கார்னேசன் எல்லாவற்றிலும் மோசம், கொஞ்சம் பட்டாலே போதும். பொச்சுப் புகையிலும் அந்தக் காற்று இருக்கிறது. காபைட் கல்லு விடுவது அதற்குச் சகோதரம் மாதிரி வேறொரு காற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் படித்தவருக்குக் கதையை நிறுத்தத் தெரிந்தால் பிறகு அவர் ஏன் படித்தார்?

"இந்தக் காத்தைப் பற்றி நீங்கள் அறியவேணும். உலகத்தில ஃபக்டரிகளில ஆகக்கூடச் செய்யிற சாமான்களில இது ஒண்டு. எண்ணெயில இருந்து, எரிவாயுவில இருந்து எடுக்கிறாங்கள். இதைக் கோத்துக் கோத்து நீட்டினாத்தான் பொலித்தீன். உந்தத் தறப்பாள், உந்தக் குடம், உந்தக் கயிறு, அந்தத் தாங்கி, எல்லாம் இதுதான். லொறி ரேடியேற்றருக்கு விடுற கூலன்ற் இதில இருந்து வருது. ஆஸ்பத்திரியில பைக்குள்ள அடைச்சு வாற ஊசிக்குக் கிருமி கொல்லுறதும் இதில இருந்து செய்யிற ஒரு காத்து."

நான் சுற்றிப் பார்த்தேன். தறப்பாளுக்குக் கீழ் நின்று, குடத்தைப் பிடித்துக்கொண்டு, தாங்கியில் சாய்ந்துகொண்டு அத்தனை பேரும் வாயைப் பிளந்திருந்தோம். வாழைப்பழம் விடுகிற மூச்சை நீட்டித் தைத்து அதற்குள் எங்களைக் குடியேற்றியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வாளியோடு படம் எடுத்தவர்கள் அப்போது வந்திருக்கவேண்டும்.

மாமிக்குச் சிரிப்பு வரவில்லை.

"சேர், அந்தக் காத்தைக் கண்ணால காணலாமோ?"

"காணேலாது."

"பிடிக்கலாமோ?"

"பிடிக்கேலாது. எண்டாலும்..."

"காணவும் ஏலாது, பிடிக்கவும் ஏலாது, ஆனா எல்லாத்தையும் செய்யும். அதைத்தான் நாங்கள் புனிதர் எண்டு சொல்லுறம். நீங்கள் வேற பேர் சொல்லுறியள்."

கூட்டம் மாமிக்கு உம் கொட்டியது. உத்தியோகத்தர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அவர் தோற்றதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோசம். அவர் தோற்றால் தோற்பது என் அக்கா என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்னேனே, மூன்றாம் வகுப்பு.

அக்கா கிளாசை நிலத்தில் வைத்தாள்.

"டேய் தம்பி, ரெண்டு ஷொப்பிங் பை எடுத்துக்கொண்டு வா. நல்லாப் பழுத்த பழம் ரெண்டும் கொண்டு வா."

கொண்டுவந்தேன், பையும் பொலித்தீன்தான். எல்லாருக்கும் முன்னால் அவள் ஒரு பூவின் காம்பில் ஈரச்சீலை சுற்றி, பழங்களோடு ஒரு பைக்குள் வைத்து வாயைக் கட்டினாள். மற்றப் பூவையும் அதே மாதிரி ஈரச்சீலை சுற்றி, தனியே மற்றப் பைக்குள் வைத்துக் கட்டினாள். இரண்டையும் சொரூபத்தின் காலடியில் வைத்தாள்.

"ரெண்டும் என்ர கைதான். ரெண்டும் புனிதருக்கு முன்னாலதான். கொட்டிலில இருக்கிற குலை எல்லாத்தையும் வெளியில எடுங்கோ, நாலு பக்கமும் தறப்பாளைத் தூக்கிக் கட்டுங்கோ. மாமி, நீங்களே காவலிருங்கோ. நாளைக்குப் பூசைக்கு முன்னால அவிழ்ப்பம். ரெண்டும் வாடினா நான் தாலியைக் கழட்டுறன். அவற்ற பேரையும் வாசியுங்கோ."

அவளைக் கொஞ்சம் தள்ளி இழுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, உனக்கு விசரோ? அந்தாள் சொல்லுறது பிழையெண்டா? இந்த வெக்கைக்கு ரெண்டும் வாடினா? மிஞ்சினதே ரெண்டு பூ."

"அந்தாளை நீ நம்பேல்லையோ?"

"அந்தாளின்ர பேனையளைக்கூட நான் நம்பமாட்டன்."

"நானும்தான். ஆனா வாழைப்பழத்தை நம்புறன். நீ பப்பாப்பழத்தை வைச்சுத்தானே குலையைப் பழுக்கவைச்சனீ? காயைப் பழுக்கவைச்சது எது? நீயோ?"

நான் என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. காலையில் முதுகில் தட்டு வாங்கியவன் நான். ஆனால் பப்பாப்பழம் விட்ட ஏதோ ஒன்றுதான் செய்தது. அதை நானே ஓட்டை அடைத்து உள்ளே பூட்டியிருந்தேன். மண்டி வாசலில் நான் ஒட்டுக்கேட்டதும் அந்தப் பேனைக்காரர் சொன்னதும் ஒரே கதை. அவர் சொன்னால் எதிலீன், நான் சொன்னால் மண்டி இரகசியம். வாழ்க்கையில் முதல்தடவையாக எனக்கு ஒரு விஞ்ஞானம் தெரிந்திருந்தது. அது தெரிந்திருந்ததுதான் எனக்குத் தெரியவில்லை.

அன்று வெஸ்பருக்கு யாரோ இரண்டு குமர்ப்பிள்ளைகள் கடதாசிப்பூவால் கூட்டை ஒப்பேற்றினார்கள். அக்காவைக் கிட்டவிடவில்லை. அவள் பின்னால் கடைசி வாங்குப் பலகையில் இருந்தாள். மாமி செபமாலையோடு கொட்டிலுக்குள் கதிரை போட்டு உட்கார்ந்தா. அந்தக் காவலைப்பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். என்னைப்போல் குறட்டை விடவில்லை. பைகளின் மேல் கை வைக்கவுமில்லை, கையை வைக்க வந்தவர்களை விடவுமில்லை. மாமிக்குத் தன் புனிதர் மேல் அவ்வளவு நம்பிக்கை. இரண்டு பூவும் வாடும் என்று அவவுக்கு நிச்சயம்.

பெருநாள் காலையில் சுவாமியும் வந்து நின்றார். அவர் ஒரு பக்கமும் சாயாத மனிசன். ஊரில் நிம்மதியாகப் பூசை வைக்க வேறு வழியில்லை. அக்கா இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. மாமிதான் குனிந்து அவிழ்த்தா.

பழத்தோடு இருந்த பூ கண்ணை மூடியிருந்தது. இறுக்கி, சுருண்டு, முந்தியநாள் வாளியில் கண்டதைப் போலவே. மாமியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு மற்றப் பை. வெள்ளைப் பூ விரிந்து நின்றது. வெக்கைக்கு விளிம்பு கொஞ்சம் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

உத்தியோகத்தர் பேச வாயைத் திறந்தார். நான் அவர் கையில் ஒரு பழத்தைத் திணித்தேன்.

மாமி பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"அப்ப வாழைப்பழம்தான் வாட்டினதெண்டு வைப்பம். புனிதர் நினைச்சா வாழைப்பழத்தாலயும் விடை சொல்லலாம்தானே?"

"சொல்லலாம் மாமி," என்றேன். "அப்பிடியெண்டா அந்த விடையில ரெண்டு சீப்பை நேற்று நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனனீங்கள். பேரப்பிள்ளையள் அதைத் திண்டு முடிச்சுப்போட்டுதுகள்."

பின்னால் நின்ற பெண்களில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும். முதல்நாள் அழுத அதே பெண்கள்தான். ஊர் அழுவதும் சிரிப்பதும் ஒரே விலைக்குத்தான். இரண்டுக்கும் நான் மதிப்புக் கொடுப்பதில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

சுவாமி அக்காவைத் தனியே கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, என்னை ஒரு ஆளாகக் கணக்கெடுப்பதில்லை.

"பிள்ளை, அவற்ற பேரை நான் வாசிக்கேல்லை. ஆனா நான் என்ன செய்யவேணும் எண்டு நீர் சொல்லும்."

அக்கா சந்தோசப்படுவாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் முகத்தில் அது இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது: பூ செத்ததற்குக் காரணம் வாழைப்பழம் என்று காட்டிவிட்டோம், ஆனால் அத்தான் உயிரோடிருக்கிறார் என்று காட்டவில்லை. மாமி சொன்ன விடையை உடைத்தபோது, அவள் தனக்குள் வைத்திருந்த வேறு எத்தனை விடைகளும் அதோடு உடைந்தனவோ. பல்லி சொன்னது, கனவில் வந்தது, மெழுகுதிரி அணையாமல் நின்றது.

"சுவாமி, அவர் இருக்கிறாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. பூவுக்கும் தெரியாது. தெரிஞ்சவை எங்கயோ கந்தோரில இருக்கினம், அவை சொல்லுகினமில்லை. சீவிக்கிறவைக்கு ஒரு மன்றாட்டு இருக்கு, செத்தவைக்கு ஒரு மன்றாட்டு இருக்கு. தெரியாதவைக்கு ஒண்டு இருந்தா அதைச் செய்யுங்கோ."

சுவாமி அன்று பூசையில் இரண்டு மன்றாட்டுக்கும் நடுவில் நிறுத்தினார். எங்கே என்று சொல்லப்படாத எல்லாருக்காகவும் என்றார். பேர் சொல்லவில்லை. கூரையில்லாத கோயிலில் அந்த நேரம் கடல் காற்று மட்டும்தான் கேட்டது. மாமி உட்பட எல்லாரும், எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றார்கள். மாமியின் தம்பி ஒருவனும் அப்படித்தான் போனவன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. அவனுடைய பேரை அவ மரித்தவர்களோடு எப்போதோ வாசிப்பித்துவிட்டா. இன்னொருத்தி வாசிப்பிக்காமல் இருப்பதை அவவால் எப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? அவவைத் திட்டுவதை நான் அதோடு நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தவில்லை. எனக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை.

அந்த ஒரு வெள்ளைப் பூவை அக்கா கூட்டின் உச்சியில் செருகினாள். ஒருவரும் தடுக்கவில்லை.

இந்தக் கதையிலிருந்து ஊர் படித்த பாடத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. வழக்கத்தை மாற்றலாம் என்றோ, பழத்தை வேறிடத்தில் வைக்கலாம் என்றோ, கொட்டிலுக்கு ஒரு யன்னல் விடலாம் என்றோ ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த பெருநாளுக்கு மூப்பர் பிளாஸ்டிக் பூ வாங்கிக்கொண்டு வந்தார்.

"இது எந்தக் காத்துக்கும் வாடாது," என்றார் பெருமையாக.

அந்த உத்தியோகத்தர் ஒரு பூவை நசித்துப் பார்த்துவிட்டு, இதுவும் அந்த எதிலீனில் செய்ததுதான் என்றார். பூவைக் கொன்ற காற்றே பூவாகி வந்திருந்தது. அதைப் பழத்துக்குப் பக்கத்திலேயே வைத்தோம். இரண்டும் சண்டை பிடிக்கவில்லை, சொந்தக்காரர்தானே.

அக்கா ஒவ்வொரு வருடமும் அந்தப் பூக்களைக் கறுப்புத் தாங்கியின் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, தன் கையாலேயே கூட்டில் கட்டுகிறாள். அந்த உரிமையைப்பற்றி இப்போது ஒருவரும் கதைப்பதில்லை. அவளுடைய தாலி கழுத்தில் இருக்கிறது. கந்தோர்களுக்குப் போவதையும் அவள் நிறுத்தவில்லை. பூ வாடாததால் புனிதர் யாருடைய புருசனைப் பற்றியும் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. கந்தோர்காரர்களைப் போலவே அவரும் பேசாமல் இருக்கிறார். ஆனால் அவரிடம் ஒரு நல்ல குணம், நாளைக்கு வாங்கோ என்று சொல்வதில்லை.